பிளம்பருக்குப் பதிலாக அழுத ரோபோ

பிளம்பரின் ரோபோ முதன்முதலில் அழுதது பல் டாக்டரின் மாமனார் இறந்த வீட்டில். அதன் கண்ணாடிக் கண்களிலிருந்து வழிந்தது உப்புத் தண்ணீர்தான் என்பதை நாலு பேர் தொட்டு நக்கிப் பார்த்து உறுதி செய்தார்கள். தகவல் போனபோது பிளம்பர் யாரோ வீட்டுக் குளியலறையில் குப்புறப் படுத்திருந்தார். வாஷர் தேய்ந்திருக்கும், மாற்றிவிடலாம் என்றார். மாலையில் ரோபோவின் தலையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பொட்டு ஈரமில்லை. காரியம் நடக்கிறதே, கிளறுவானேன் என்று மூடிவிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. தலைக்கு மேல் வேலை. சாவு என்ன, ஓய்வு நேரம் பார்த்தா வருகிறது? தன் பழைய சட்டையை ரோபோவுக்கு மாட்டி, துக்கம் விசாரிக்க அனுப்பினார். ஊருக்கு இது பிடித்துப்போயிற்று, ஆளுக்கொன்றை அனுப்பினார்கள். வருவது ரோபோ என்றால் வரவேற்க நாம் எதற்கு என்று இழவு வீட்டுக்காரர்களும் தங்கள் ரோபோவை உட்காரவைத்துவிட்டு அலுவலகம் போனார்கள். வக்கீல் இறந்த அன்று கூடம் நிறைய ரோபோக்கள் கணுக்கால் அளவு கண்ணீரில் நின்று அழுதன. அங்கே இருந்த ஒரே மனிதர் வக்கீல்தான். அவரும் பேச்சுமூச்சில்லாமல் படுத்திருந்தார். தண்ணீரை இறைக்கப் பிளம்பரைக் கூப்பிட்டார்கள். மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, செத்தது யார் என்றுகூடக் கேட்காமல் அடுத்த வேலைக்குப் போனார்.

அண்ணன் படுக்கையில் விழுந்தபோதும் இதே ஏற்பாடுதான். தகப்பன் இல்லாத வீட்டில் பிளம்பரைத் தூக்கி வளர்த்த அண்ணன். ஞாயிறுதோறும் ரோபோ போய் முதுகு துடைத்து, கால் பிடித்துவிட்டு, அண்ணிக்குக் கூடமாட ஒத்தாசை செய்துவிட்டு வந்தது. அடுத்த வாரம் நானே போகிறேன் என்று பிளம்பர் வாராவாரம் மனதாரச் சொன்னார். இரண்டு வருடம் மனதாரச் சொன்னார்.

அண்ணன் போய்விட்டார் என்று கேட்டதும் வேலையைப் போட்டது போட்டபடி ஓடினார். அழப் பார்த்தார், கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இமையைக் கசக்கினார், மூக்கைச் சிந்தினார், அண்ணன் முதன்முதலில் வாங்கிக்கொடுத்த ஸ்பேனரை நினைத்துப் பார்த்தார். ம்ஹும். கட்டிலருகே அவருடைய ரோபோ தேம்பிக்கொண்டிருந்தது. வந்த ரோபோக்கள் அதன் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு இவரைத் தாண்டிப் போயின. செத்தது என் அண்ணன் என்று யாரிடமாவது சொல்லவேண்டும்போல் தவித்தார். கேட்க ஆளில்லை.

கடைசியில் தன் ரோபோவையே ஓரமாக அழைத்துப் போனார்.

"அண்ணன் கடைசியா என்னைக் கேட்டாரா?"

"கேக்கலைங்க. என்னைத்தான் தம்பி தம்பின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தார்."

"நான் உங்க தம்பி இல்லைன்னு நீ சொல்லலையா?"

"சொன்னேங்க. 'தெரியும்டா'ன்னார்."

பிளம்பர் துக்கம் கேட்க வந்த தூரத்து உறவுக்காரரைப் போல அதன் முன்னால் உட்கார்ந்து, நனைந்திருந்த கையைப் பிடித்துக்கொண்டு, உன் அண்ணனுக்கு வலி அதிகமாக இருந்ததா என்று விசாரித்தார். அது அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் தம்பி என்றால் ரோபோதான். நல்லது கெட்டது எதுவானாலும் அண்ணி அதைத்தான் கூப்பிடுகிறார். குழாய் ஒழுகினால் பிளம்பருக்கு ஆள் விடுகிறார். வேலை முடிந்ததும் கூலியை எண்ணிக் கொடுக்கிறார், அவரும் வாங்கிக்கொள்கிறார்.