வாசலுக்கு வந்தவரே தலைவர்

துளசிராமன் ராணுவத்தில் சண்டை எதையும் பார்த்ததில்லை. கூடாரம், ரொட்டி, டீசல், போர்வை என்று சரக்குகளை அனுப்பியே சுபேதார் வரை உயர்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டியிருந்த குழாய்த் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தார். திருப்பாச்சூரில் வீடு. மனைவி இறந்த பிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. அது அவருக்குப் பழகிப்போய், பிறகு பிடித்தும் போயிற்று.

காவல் அறையில் அவர் படித்துக்கொண்டிருந்தது ஒரு தடித்த வரலாற்று நூல். அமெரிக்கா பிறந்த புதிதில் ஓஹையோ ஆற்றங்கரையில் நின்ற சின்னஞ்சிறு படையைப் பற்றியது. சில நூறு சிப்பாய்கள். சம்பளம் ஒழுங்காக வராது, காலணி வராது, தலைநகரிலிருந்து கட்டளை மட்டும் வரும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஷானி, மயாமி, டெலவேர் என்று பூர்வகுடி நாடுகள். இந்தப் பக்கத்து வெள்ளைக்காரக் குடியேறிகள் ஆற்றைத் தாண்டிப்போய் குடிசை போடாமல் பார்த்துக்கொள்வது படையின் வேலை. படை போய்த் தன் சொந்த ஜனங்களின் குடிசைகளைக் கொளுத்தும். படை திரும்பியதும் அவர்கள் மறுபடியும் கூரை போடுவார்கள். துளசிராமன் அந்தப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தார். தன் வேலையை இவ்வளவு தெளிவாக யாரும் எழுதியதில்லை என்று அவருக்குத் தோன்றியது.

ஏனென்றால், தொழிற்சாலைக்கும் ஒரு எல்லை இருந்தது. மீனவக் குப்பத்துக்கும் ஏரிக்கும் நடுவில்தான் கம்பெனி நிலம் வாங்கியிருந்தது. நிலத்தின் குறுக்கே குப்பத்து ஜனங்கள் ஏரிக்கு நடக்கும் வழி ஒன்று போனது. அதை விட்டுவிடுவதாகக் கம்பெனி வாக்குக் கொடுத்து, மதிலில் இடைவெளியும் விட்டிருந்தது. ஆனால் கம்பெனியின் சொந்த ஒப்பந்தக்காரர்கள் அந்த வழியில்தான் லாரியை நிறுத்தினார்கள், துருப்பிடித்த கழிவைக் கொட்டினார்கள். துளசிராமன் காவலர்களோடு போய் விரட்டுவார். மறுநாள் லாரிகள் திரும்பி நிற்கும்.

"சார், இது நம்ம கம்பெனி லாரி. நம்மளே நம்மள தொரத்திக்கினு இருந்தா எப்ப சார் நாஷ்டா துன்றது?" என்பான் காவலர்களில் ஒருவனான எட்வர்ட். ஆரம்பாக்கத்துக்காரன். அவன் அப்பா நாற்று நட்ட வயல் இப்போது வேறொரு கம்பெனியின் கிடங்கு. எதற்கும் அதிகம் கோபப்பட மாட்டான்.

ஒருநாள் காலை, லாரி வழியை முழுதாக அடைத்திருந்தபோது குப்பத்துக் கங்கம்மாள் வந்து நின்றாள். தலையில் கூடை, பின்னால் வலையோடு இரண்டு மகன்கள்.

"இன்னா சார், எங்க பாடு இன்னிக்கு. லாரிக்கு அடியில பூந்து போவணுமா?"

ஏரியில் வலை போடும் இடத்தைத்தான் பாடு என்றார்கள். எந்த இடம் யாருக்கு, எந்த நாளில் என்று ஊர் சீட்டுப் போட்டு முறை வைத்திருந்தது. அன்று விடியலில் போய்ச் சேராவிட்டால் அந்த முறை போயிற்று. அடுத்தது சுற்றி வரும்வரை வீட்டில் உலை வைப்பது கஷ்டம்.

துளசிராமன் லாரியை அகற்றினார். "நான் இங்க இருக்கிறவரைக்கும் இந்த வழி மூடாதும்மா," என்றார்.

"நீ நல்ல மன்சன் சார்," என்றாள் கங்கம்மாள். "ஆனா நல்ல மன்சனுக்கெல்லாம் சீக்கிரம் டிரான்ஸ்பர் வந்துடுது."

அது அவரை உறுத்தியது. வாய்வார்த்தை போதாது, எழுத்தில் இருந்தால்தான் கம்பெனியைக் கட்டுப்படுத்தும் என்று முடிவு செய்தார். மனிதவள மேலாளர் சுகிர்தாவிடம் போய், குப்பத்தோடு ஒரு ஒப்பந்தம் போடலாம் என்றார். அவள் உடனே சம்மதித்தாள். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததற்கு அவர் சந்தோஷப்பட்டாரே தவிர, சந்தேகப்படவில்லை.

"ஆனா யாரோட சைன் பண்றது சார்? எல்லாரும் ஒரே நேரத்துல பேசறாங்க. ஒரு லீடர் வேணும்."

தலைவரைத் துளசிராமன் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்.

ரங்கசாமி குப்பத்திலிருந்து தினமும் காவல் அறைக்கு வருபவர். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. மற்றவர்கள் எல்லோரும் வழியில் ஓடிக்கொண்டிருப்பார்கள், நின்று ஒரு வார்த்தை பேச நேரமிருக்காது. ரங்கசாமி மட்டும் உட்காருவார். டீ குடிப்பார். எதைக் கேட்டாலும் நெடுநேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "பாக்கலாம்" என்பார். சில நாள் அதுவும் சொல்ல மாட்டார். புத்தகத்தில் பூர்வகுடித் தலைவர்கள் சபையில் அப்படித்தான் மௌனமாக இருந்தார்கள். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் சட்டென்று வாய் திறப்பதை அவர்கள் அநாகரிகம் என்று கருதினார்கள். துளசிராமனுக்கு ரங்கசாமியோடு பேசாமல் உட்கார்ந்திருப்பது, மனைவி போன பிறகு கிடைத்த நல்ல நேரமாக இருந்தது. இவ்வளவு கனமான மௌனம் பொறுப்புள்ள ஒருவரிடம்தான் இருக்கும் என்று நம்பினார்.

அதே புத்தகத்தில் வேறொரு செய்தியும் இருந்தது. கோட்டைத் தளபதிகள் ஒப்பந்தம் போட்டது பெரும்பாலும் கோட்டைக்குத் தாமாக வந்த பூர்வகுடிகளோடு. வந்தவர்களுக்குத் தங்கள் நாட்டின் சார்பில் பேச அதிகாரமில்லை. அதிகாரமுள்ளவர்கள் வரவில்லை. துளசிராமன் அந்த வரிகளின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, தளபதிகளின் முட்டாள்தனத்தை நினைத்துத் தனியாகச் சிரித்திருக்கிறார்.

ஒப்பந்தம் நல்ல காகிதத்தில் வந்தது. ஏரிக்குப் போகும் உரிமையைக் கம்பெனி மதிக்கும். மாற்றுப் பாதை அமைக்கும்வரை பழைய வழி திறந்திருக்கும். துளசிராமன் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார், நியாயமாகவே பட்டது. ரங்கசாமி கையெழுத்துப் போட்டார். துளசிராமன் சாட்சி. சுகிர்தா ரங்கசாமிக்கு ஒரு பொன்னாடை போர்த்தினாள். 'சமூகப் பிரதிநிதி' என்று அச்சிட்ட அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டினாள்.

மாற்றுப் பாதை வியக்கத்தக்க வேகத்தில் வந்தது. மதிலின் வெளிப்புறமாகத் தொழிற்சாலையை முழுதாகச் சுற்றி, உப்புச் சேறு வழியாகப் போட்ட செம்மண் ரோடு. அதில் ஏரிக்குப் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். ரோடு முடிந்த அன்றே பழைய வழியில் இரும்புக் கேட்டு வைத்துப் பூட்டினார்கள். சாவி துளசிராமனிடம்.

கங்கம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள்.

"மூடாதுன்னியே சார்?"

"உங்க தலைவர் கையெழுத்துப் போட்டிருக்காரும்மா."

"எந்தத் தலைவரு?"

"ரங்கசாமி."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். கங்கம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஐயோ நைனா! அந்தாளு அடுத்தவன் பாடு எடத்துல வலைய வுட்டு மாட்டிக்கினான். ஆடித் திருவிழா வரைக்கும் ஏரில எறங்கக் கூடாது, ஊர்க்கூட்டத்துல வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஊரே கட்டுப்பாடு வெச்சிருக்கோம். வேல இல்லாதவன் எங்க போவான்? உன்கிட்ட வந்து டீ குடிச்சிக்கினு இருந்தான். ஊர்லயே பேசக் கூடாத ஒரே ஆளு அவன்தான். அவன்கிட்டப் போயா எழுதி வாங்கினே?"

"அதான் சார் பேசாமயே இருந்தாரு," என்றான் எட்வர்ட், பணிவாக.

துளசிராமன் அறைக்குள் போய் உட்கார்ந்தார். இத்தனை நாளும் அந்த மௌனத்தில் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தோமே என்று நினைத்தார். தண்டனை ஒன்றை ஞானம் என்று படித்திருக்கிறோம். புத்தகம் அவரைக் காப்பாற்றவில்லை. தளபதிகள் முட்டாள்கள் என்று தெரிந்ததே தான் முட்டாளில்லை என்பதற்குப் போதுமான சான்றாக அவருக்குப் பட்டிருந்தது.

அவர் போய் நடந்ததைச் சொன்னதை சுகிர்தா பொறுமையாகக் கேட்டாள். "நீங்கதானே சார் அவர் லீடர்னு சொன்னீங்க? நீங்கதான் விட்னஸ். கேன்சல் பண்ணணும்னா அவர் வந்து எழுதிக் கொடுக்கட்டும்."

"அவருக்கு எழுதிக் கொடுக்க அதிகாரமில்ல."

"சைன் பண்றப்ப இருந்துச்சே."

அன்று பொழுது சாயும் நேரத்தில் அவர் குப்பத்துக்கு நடந்தார். ஊர்க்கூட்டத்தில் நின்று, தவறு தன்னுடையது, அந்தக் கையெழுத்து செல்லாது என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய வாக்கியங்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டார். ஊர் முனையில் ரங்கசாமி பார்த்துவிட்டு, சந்தோஷமாகக் கையைப் பிடித்து அம்மன் கோயில் முன்னால் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். கழுத்தில் அட்டை தொங்கியது.

துளசிராமன் எழுந்ததும் பெரியவர் ஒருவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "வெளியாளு பேசணும்னா, இட்டுக்கினு வந்தவன் மொதல்ல எழுந்து சொல்லணும். யாரு இட்டுக்கினு வந்தது?"

ரங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப குந்திக்கினு கேளுங்க."

அவர் உட்கார்ந்து கேட்டார். கேட்டைப் பற்றிய பேச்சு மிகச் சீக்கிரம் முடிந்துவிட்டது. பாடு முறைப்படி நாளைக்கு கங்கம்மாள் வீட்டுக்கு. எப்போதும் போகிற வழியில் போவார்கள். அவ்வளவுதான். ஒப்பந்தத்தை யாரும் கண்டிக்கவில்லை, ரத்து செய்யவுமில்லை. அப்படி ஒன்று இருப்பதாகவே அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. மீதி நேரமெல்லாம் கிழிந்த வலை ஒன்றைப் பற்றிய சண்டை. துளசிராமன் தன் வாக்கியங்களை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார்.

விடியலில் அவர்கள் வந்தார்கள். கத்தவில்லை, கோஷமில்லை. வலை, கூடை, தூக்குவாளி. கங்கம்மாள் கேட்டின் முன்னால் நின்று அவரைப் பார்த்தாள். பேசியிருந்தால் பேரம் ஆகியிருக்கும். அவர் பூட்டைத் திறந்தார்.

"பேஜாரு சார்," என்றான் எட்வர்ட். "மேடம் இன்னிக்கு காலங்காத்தாலயே வர்றேன்னாங்க."

சுகிர்தாவின் கார் அப்போதே வந்தது. அவள் வேகமாக இறங்கினாள். திறந்த கேட்டு, பனி, வரிசையாகப் போகும் பெண்கள். வாயெடுத்தவள் நின்றுவிட்டாள். தலைமை அலுவலகம் ஒரு வாரமாக அவளிடம் கிராம மக்களோடு கம்பெனியின் நல்லுறவைக் காட்டும் புகைப்படம் கேட்டுக்கொண்டிருந்தது. போனை எடுத்து நாலைந்து படம் பிடித்தாள்.

"இன்னைக்கு மட்டும் ஸ்பெஷல் பர்மிஷன்னு மெயில் போட்டுடறேன் சார். டெய்லி இப்படி விட முடியாது. புரியுதா?"

"புரியுது."

மறுநாளும் அவர்கள் வந்தார்கள். மறுநாளும் சிறப்பு அனுமதி வந்தது, அவர்கள் போய் வெகுநேரம் கழித்து. தலைமை அலுவலகத்துக்குப் படங்கள் மிகவும் பிடித்திருந்தனவாம். அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. கம்பெனி ஒவ்வொரு நாளும் பெருந்தன்மையோடு வழியைத் திறந்துவிடுவதாக அறிக்கை போனது. துளசிராமனுக்குப் பாராட்டுச் சான்றிதழும் வந்தது. மாற்றுப் பாதையில் லாரிகள் நின்றன.

ஒருநாள் நனைந்த கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த கங்கம்மாள் கேட்டருகே நின்றாள்.

"இன்னா எட்வர்ட்டு, எதுக்கு ஒங்க சார் தெனமும் போனையே பாத்துக்கினு இருக்காரு?"

"நீ ஏரிக்குப் போறதுக்கு ஆர்டர் வரணும்க்கா."

"நான் போயிட்டு வந்துட்டேனேடா."

"அதான் இப்ப வந்துக்கினு இருக்கு."

கங்கம்மாள் கூடையிலிருந்து ஒரு கை இறாலை அள்ளி எட்வர்டின் சாப்பாட்டு டப்பா மூடியில் போட்டாள். "வந்தவுடனே சொல்லு," என்றாள். "அடுத்த மொற எங்க பாடு வேற பக்கம். அதுக்கும் சேத்து வாங்கி வெச்சுடச் சொல்லு, பாவம்."