கூலி வேண்டாத ஆள்

கூலி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தன் வேலைக்கு வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? தனசேகரனுக்கும் வந்தது.

பிள்ளையார்பாளையத்தில் அவர் தறிக்குப் பக்கத்தில் ஆள் யாரும் உட்காராமல் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். கரைப் பக்கத்தில் நூல் ஓட்டும் நாடாவைக் கல்யாணமான நாளிலிருந்து எறிந்தவள் மனைவி கமலவேணி. அவள் கண்ணை மூடியதும் கோர்வையை விட்டார். அப்புறம் நேரத்துக்குச் சாப்பிடுவதும் குளிப்பதும்கூட நின்றுபோயின. சென்னையிலிருந்து மகன் போன் செய்தால், “நல்லாத்தாம்பா இருக்கேன்” என்று வைத்துவிட்டு மறுபடி பாயில் சுருண்டுகொள்வார்.

அப்போதுதான் பக்கத்துத் தெரு உமாபதி வந்து நின்றான். கரண்ட் ஆபீஸில் ரிடையர் ஆனவன். கல்யாணமே பண்ணிக்கொள்ளாத ஆள்.

“சின்ன வயசுல எங்க நைனாவுக்குக் கோர்வை போட்டிருக்கேன்ணா. கூலி வாணாம். சும்மா உக்காந்துக்கினு நாடா எறியறேன்.”

சும்மாவாம்! இந்தக் காலத்தில் எவன் சும்மா வருவான்? வீட்டின் மேல் கண்ணா? டிசைனைத் திருடி வேறு முதலாளிக்குக் கொடுக்க வந்தவனா? ஆனாலும் போ என்று சொல்ல வாய் வரவில்லை.

அவன் என்னவோ விடிந்ததும் வந்துவிடுவான். ரேஷன் கடையில் யார் யாரோடு மல்லுக்கு நின்றார்கள் என்று நாடா எறிந்துகொண்டே சொல்வான். “இன்னும் சாப்புடலியா?” என்று அதட்டுவான். அந்த அதட்டலுக்காகவே தனசேகரன் சோறு வடிக்க ஆரம்பித்தார். ஆனால் கண் மட்டும் அவன் கையை விட்டு நகராது. அவன் கிளம்பியதும் பட்டு, ஜரிகை எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்.

ஒருநாள் ஜரிகை சுற்றிய கண்டு ஒன்றைக் காணோம். தறிக்குழிக்குள் இறங்கித் துழாவினார், பாயை உதறினார். கிடைக்கவே இல்லை.

மறுநாள் உமாபதி வந்ததும் வராததுமாக, “சட்டையைக் கழட்டி உதறு” என்றார்.

அவன் முகம் செத்துப்போயிற்று. “இன்னாணா இது?”

“கூலி வாணாம்னப்பவே நெனச்சேன்டா. திருடத்தான் வந்திருக்கே.”

உமாபதி கழற்றி உதறினான். ஒன்றும் விழவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டான். நேற்றே கொண்டுபோயிருப்பான் என்று தனசேகரன் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை, மறுநாளும் இல்லை. அரைகுறைச் சேலை தறியில் கிடந்தது. பாயில் படுத்திருந்தவருக்கு, இப்படியே செத்தால் நாற்றம் அடித்தால்தான் தெருவுக்குத் தெரியும் என்று தோன்றியது. ஐயோ என்று எழுந்து உட்கார்ந்தார். பயம் பிடித்துக்கொண்டது. நேரே உமாபதி வீட்டுக்கு நடந்தார்.

அங்கே டிவி அலறிக்கொண்டிருந்தது. உமாபதி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“கண்டு கெடச்சிதா?” என்றான்.

“கெடைக்கல.”

“அப்போ நாந்தான் திருடன்னு இன்னொரு வாட்டி சொல்ல வந்தியா?”

“எனக்கின்னாடா தெரியும்? நீ எடுத்தியோ இல்லியோ. சந்தேகம் இன்னும் இருக்குது. இருந்துட்டுப் போவட்டும். நாளைக்கு வந்துடுபா. எடுத்துக்கினு போறதுக்காவது எங்க வூட்டுக்கு ஒருத்தன் வரட்டும்.”

உமாபதி எழுந்து டிவியை அணைத்தான். மூலையில் கிடந்த செருப்பைக் காலால் இழுத்து மாட்டினான்.

நாளைக்குத்தானே வரச் சொன்னோம், இப்போதே எதற்குக் கிளம்புகிறான் என்று தனசேகரனுக்கு மறுபடி சுருக்கென்றது. ஆனாலும் அவன் வீட்டைப் பூட்டிவிட்டு வரும்வரை வாசலிலேயே நின்றார்.