கவிழ்ந்து படுத்த எட்மண்ட்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு என் முழங்காலைக் காட்டப் போனேன். பக்கத்து நாற்காலிக்காரரின் நுரையீரலோடு திரும்பி வந்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?

2

தொடக்கம் ஒன்று: எட்மண்ட் இருமினார், அஸ்தினாபுரத்தில் ஏழு தெருவுக்கு ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்—

(வேண்டாம். கைக்குட்டையில் கொஞ்சம் ரத்தம். பயப்பட அதுவே போதும்.)

தொடக்கம் இரண்டு: எக்ஸ்ரேயில், வலது நுரையீரலின் உச்சியில், உருண்டையாக ஒரு நிழல். "கேன்சராவும் இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்த்துடுவோம்" என்றார் முதலில் பார்த்த டாக்டர். எட்மண்டுக்கு முதல் வார்த்தைக்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை. சர்ச் பாடகர் குழுவின் கனத்த குரல் அவர். தன் அடக்க ஆராதனைக்கான பாட்டுகளை அன்று மாலையே தேர்ந்தெடுத்துவிட்டார்.

"டெனிஸ் மட்டும் கீபோர்டு வாசிக்கக் கூடாது" என்றார் மனைவி ரத்தினபாயிடம்.

"போறதுக்குப் பாட்டு ரெடி. ராத்திரிக்கு இட்லியா தோசையான்னு கேட்டா மட்டும் வாயத் திறக்க மாட்டீங்க."

3

ஸ்கேன் அறைக்குப் போகுமுன் கழுத்திலிருந்த சிலுவைச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள். ரத்தினபாய் வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

ஸ்கேன் பார்க்கும் டாக்டர் ஜீவிதாவை எட்டடி உயரமாக எழுத ஆசை.* திரையில் உருண்டையைப் பார்த்தார். உருண்டைக்கு மேல் பிறை மாதிரி கொஞ்சம் காற்று. யோசித்தார்.

"சார், சின்ன வயசுல டிபி வந்துச்சா?"

"காலேஜ் படிக்கறப்போ. குணமாயிடுச்சே டாக்டர்?"

"குணமாயிடுச்சு. ஆனா அது விட்டுட்டுப் போன பொந்து அங்கேயே இருக்கு. சில சமயம் அதுல பூஞ்சை குடியேறிப் பந்து மாதிரி உருண்டுக்கும். கவுந்து படுங்க, இன்னொரு தடவை எடுப்போம்."

"தொப்பை இடிக்குமே?"

"இடிக்கட்டும் சார். எனக்கு நுரையீரல் கவுந்தா போதும்."

எட்மண்ட் கவிழ்ந்தார். மூச்சை அடக்கினார். பாடகருக்கு அது கைவந்த கலை.

பந்து உருண்டது! முதுகுப் பக்கம் கிடந்தது, மார்புப் பக்கம் வந்து விழுந்தது.

(இங்கே நான் பல்லாவரம் வரைக்கும் பட்டாசு வெடித்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

* என் தோளுக்குத்தான் வருவார். என் வியப்புதான் எட்டடி.

4

ஏன் அடித்தேன்? எங்கள் நாற்காலிகளுக்கு வந்து சொன்ன ஜீவிதாவே வெடிக்கவில்லையே. "கேன்சர் கட்டி பொதுவா இப்படி இடம் மாறாது. பூஞ்சைப் பந்துன்னுதான் தோணுது. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். பழைய பொந்துல ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ரத்தம், சளி டெஸ்ட் பண்ணணும், தேவைப்பட்டா சதைத் துணுக்கும் எடுத்துப் பார்க்கணும்" என்றார். கடுகைக் கண்டால் பூசணி என்று எழுதுகிறவன் நான். கண்ணெதிரே பந்து உருண்டும் "பார்ப்போம்" என்ற பெண்ணை எழுந்து நின்று கும்பிட்டேன். (முழங்கால் வலித்தது. இது மிகையில்லை.)

5

டெஸ்ட் முடிவு வந்ததா? எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அந்த டாக்டரையே முந்திக்கொள்ள நான் யார்?

வேண்டுமானால் இந்தக் கதையையும் கவிழ்த்துப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடி, பட்டாசு, எட்டடி எல்லாம் உருண்டோடிவிடும். ஒன்று மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்:

"சங்கிலியக் குடு ரத்தினா."

"ரிசல்ட் வரட்டும், தரேன்."

"கேன்சர்னு வந்தா?"

"அப்பவும் நீங்கதான் வந்து வாங்கிக்கணும். இப்போ சொல்லுங்க, இட்லியா தோசையா?"

எட்மண்ட் வாயைத் திறந்தார். என்ன சொல்லியிருப்பார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.