வேறு ஆள் குரல்

பவுடரைத் துடைக்க எழில்மொழி ஈரத்துணியோடு வந்து நின்றபோது மண்ணாங்கட்டி முகத்தைக் கொடுக்கவில்லை. விடிந்ததும் எழுந்து, கண்ணாடியைச் சன்னல் கம்பியில் சாய்த்து வைத்து, கழுத்து வரைக்கும் சீராகப் பூசிய பவுடர் அது. மீசைக்கு மை வேறு. "பவுடர் இல்லாம கேமரா முன்னாடி எப்டிம்மா நிக்கறது? துணி இல்லாம நிக்கற மாரி கீது" என்றார். உதவி இயக்குநரான அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இந்தப் படத்துல ஹீரோவுக்கே பவுடர் இல்லைங்க ஐயா" என்றாள். அவர் திரும்பி மகள் கன்னியம்மாவைப் பார்த்தார். "படம் ஓடாது" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு முகத்தைக் கொடுத்தார்.

திருவொற்றியூர்க் குப்பத்தில் அவர்கள் வீட்டுக்கு எதிரிலேயே, கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிய பாறைகளுக்கு நடுவில் படப்பிடிப்பு. மீன்பிடிக்கிற ஒரு குடும்பத்தின் கதை. இயக்குநர் வெற்றி, இதே வடசென்னையில் எம்.கே.பி. நகர்ப் பையன். தன் படத்தில் யாரும் எழுதி வைத்த தமிழ் பேசக் கூடாது, இந்தப் பக்கத்து ஜனங்களின் பேச்சு அவரவர் குரலிலேயே, பேசுகிற இடத்திலேயே பதிவாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். அப்படி ஒரு பெரியவரைத் தேடித்தான் எழில்மொழி காசிமேட்டு மார்க்கெட்டுக்கு வந்தாள். கன்னியம்மாவின் மீன் கூடைக்குப் பக்கத்தில், கவிழ்த்த ஐஸ் பெட்டிமேல் மண்ணாங்கட்டி உட்கார்ந்திருந்தார். மீனை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "அது இன்னா தக்காளியா, இந்த அமுக்கு அமுக்கிகினு கீற? அந்த வஞ்சிரத்துக்கு உசுரு இருந்திச்சின்னா உன் கைய கடிச்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எழில்மொழி அந்த வியாபாரம் முடியும் வரை நின்று கேட்டுவிட்டு, நடிக்க வருகிறீர்களா என்றாள்.

"நான் ஏற்கனவே ஆர்ட்டிஸ்ட்டும்மா" என்றார் அவர். அவள் அதை வேடிக்கை என்று நினைத்தாள். கன்னியம்மா அவருடைய சினிமாப் பெயரைச் சொன்ன பிறகு கண்ணை அகல விரித்தாள். "ஆர்.எம். மணவாளனா? எங்கப்பா அவர் பேசற மாதிரி பேசிக் காட்டுவாரே, அந்தக் கணீர்க் குரலா?"

"கொரலு அவரது இல்லம்மா" என்றாள் கன்னியம்மா.

மணவாளன் என்ற பெயர் பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பவர்களில்கூடப் பலருக்குச் சட்டென்று நினைவுக்கு வராது. முகத்தைக் காட்டினால் வரும். தளபதி, கதாநாயகியின் அண்ணன், எல்லாம் முடிந்த பிறகு ஜீப்பில் வந்து இறங்கும் இன்ஸ்பெக்டர், ஆபரேஷன் அறையிலிருந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வரும் டாக்டர். பாதிப் படங்களில் டைட்டிலில் பெயர் வந்தது. மீதிப் பாதியில் அவர் 'மற்றும் பல'ருக்குள் இருந்தார். இளவயதில் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோ சமையல்கட்டுக்கு மீன் போட்டுக்கொண்டிருந்தவர். உயரத்தையும் தோளையும் பார்த்த ஒரு டைரக்டர் கூடையை இறக்கி வைக்கச் சொல்லிக் கவசத்தை மாட்டிவிட்டார். முதல் வசனம், 'மன்னா, பகைவன் படை வந்துகொண்டிருக்கிறது.' மண்ணாங்கட்டி மார்பை நிமிர்த்திக்கொண்டு, "மன்னா, பகைவன் படை வந்துகினு கீது" என்றார். மன்னருக்குச் சிரித்துச் சிரித்து ஒட்டுத்தாடி ஒரு பக்கம் கழன்றுவிட்டது. முகம் இருக்கட்டும், குரலுக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. நாடகத்திலிருந்து வந்த ஒருவர் குரல் கொடுத்தார். அதுவே நிலைத்தது. உதடு பொருந்த வேண்டுமே என்று மண்ணாங்கட்டி ஒவ்வொரு வசனத்தையும் கட்டுமரத்தில் போகும்போதுகூடச் சொல்லிச் சொல்லிப் பழகினார். சில வருடங்களில் ஓர் எழுத்து பிசகாமல் பேச வந்துவிட்டது. இனி நானே பேசுகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். மணவாளன் குரல் ஜனங்களுக்குப் பழகிவிட்டது, இப்போது மாற்றினால் ஏற்க மாட்டார்கள் என்றார்கள். குரல் கொடுத்தவர் இறந்தபோது துக்கத்துக்குப் போய்விட்டு வந்தவர், வாசலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே "என் கொரலு பூட்ச்சி" என்று சொன்னார். அதன்பின் அவரை யாரும் கூப்பிடவில்லை. திரும்பவும் கடலை மட்டுமே நம்பிப் போனார்.

கன்னியம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ராயபுரத்தில் ஒரு கொட்டகையில்தான் அவரை முதன்முதலாகத் திரையில் பார்த்தாள். அம்மா மடியில் நின்றுகொண்டு கைதட்டினாள். அவர் வாயைத் திறந்ததும் உள்ளேயிருந்து யாரோ பேசினார்கள். "எங்க நைனாவ யாரோ புட்ச்சிகினாங்க" என்று அவள் அழுத அழுகையில் அம்மா பாதிப் படத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டியிருந்தது. வீட்டில் அவர் அவளைச் சமாதானப்படுத்தப் பேசப் பேச, அவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தாளாம். இப்போதும் யாராவது போனில் அந்தப் படங்களின் துண்டைக் காட்டினால் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மணலி ஆலைகளின் காற்று நெஞ்சில் சளியாகக் கட்டியிருக்கிறது. பேச்சுக்கு நடுவில் மூச்சு இழுக்கிறது. நாளைக்கு அவர் இல்லையென்றாலும் முகம் எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கும். குரல் எங்கே கிடைக்கும்? அதை நினைத்துத்தான், வேண்டாம் வேண்டாம் என்றவரை நச்சரித்து இந்தப் படத்துக்குச் சம்மதிக்க வைத்தாள்.

காட்சி சின்னது. வெறும் வலையோடு திரும்பிய மகன், இனிக் கடலுக்குப் போக மாட்டேன் என்கிறான். அப்பா திட்ட வேண்டும். 'ரெண்டு நாளு மீனு வரலன்னா கோச்சிகினு குந்திக்குவியா? கடலு இன்னா உன் மாமனாரு வூடா?' காலையில் டீ குடித்துக்கொண்டே வெற்றியிடம் இதை அவர் சொல்லிக் காட்டியிருந்தார், எழுத முடியாத இரண்டு வார்த்தைகளையும் சேர்த்து. வெற்றிக்கு டீ புரையேறியது.

சாக்பீஸால் பாறையில் குறி போட்டார்கள். மண்ணாங்கட்டி வந்து அதில் நின்றார். நின்றதும் முதுகு நிமிர்ந்தது. எதிரில் நிற்கும் கதாநாயகன் அர்ஜுன் மேல் தன் நிழல் விழாதபடி ஓர் அடி ஒதுங்கினார். முகவாய் உயர்ந்தது. வெற்றி கையைக் காட்டினான்.

"இரண்டு நாட்கள் மீன் கிடைக்கவில்லை என்பதற்காகக் கோபித்துக்கொண்டு அமர்ந்துவிடுவாயா? கடல் என்ன உன் மாமனார் இல்லமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எழில்மொழி பக்கத்தில் போய், "ஐயா, வீட்ல பேசற மாதிரி பேசுங்க" என்றாள்.

"அப்டித்தாம்மா பேசிகினு கீறேன்" என்றார்.

கன்னியம்மாவுக்குத்தான் புரிந்தது, அவர் கிண்டல் செய்யவில்லை. பேச்சு மாறுவது அவருக்கே தெரியவில்லை. மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் அதே. ஒரு முறை 'ரெண்டு நாளு மீனு வரலன்னா' வரைக்கும் சரியாக வந்தது. அங்கே முகவாய் உயர்ந்து, 'சினம் கொள்வாயா' என்று போய்விட்டது. இன்னொரு முறை எண்ணூர்ச் சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக் கெடுத்தது. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவர் அர்ஜுனைப் பார்த்துக் கையைக் கூப்பி, "மன்னிச்சிக்க சார்" என்றார். பேரன் வயதுப் பையன். அவன் நெளிந்தான்.

வெயில் ஏறிவிட்டது. வெற்றி எழில்மொழியைத் தள்ளி அழைத்துப்போய்ச் சொன்னது காற்றில் கேட்டது. "மூஞ்சி செமையா கீது. வுடு, டப்பிங்ல வேற ஆள வெச்சி பேச வெச்சிக்கலாம்." அவனுக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

மண்ணாங்கட்டிக்கும் கேட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த ஆட்டலில் ஒரு நிம்மதிகூட இருந்தது போலக் கன்னியம்மாவுக்குப் பட்டது. "அந்தப் புள்ள சொல்றதும் சரிதான் கன்னிமா. எனக்குப் பழக்கந்தான்" என்றார்.

"எனக்குப் பழக்கமில்ல நைனா."

சொல்லிவிட்டு அவள் அங்கேயே நின்றாள். முன்பின் தெரியாதவர்கள் கூட்டம், வயர், விளக்கு. மார்க்கெட்டில் எவ்வளவு கத்தினாலும் இங்கே வாய் வரவில்லை. அர்ஜுன் நின்ற இடத்தைப் பார்த்தாள். பிறகு சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெற்றியிடம் போனாள்.

"தம்பி, இப்ப அவரு மூஞ்சிய மட்டுந்தான எடுக்கற?"

"ஆமாக்கா."

"அப்போ எதிர்ல யாரு நின்னா இன்னா? எங்க நைனா ஹீரோவ திட்டி நீ எந்தப் படத்துல பாத்த? ஹீரோ மேல நெழலு வுழாம நின்னே காலம் போச்சி அவருக்கு. அந்தப் புள்ளைய எட்ட போவ சொல்லு. என்ன நிக்க வெய்யி. என்னத்தான் நல்லா திட்டுவாரு."

வெற்றி கேமராமேனைப் பார்த்தான். கேமராமேன் தோளைக் குலுக்கினார். அர்ஜுன் தானாகவே விலகி வழிவிட்டான், "அக்கா, எனக்கும் சேர்த்து வாங்கிக்கங்க" என்று.

கன்னியம்மா சாக்பீஸ் குறியைக் காலால் தேய்த்து அழித்தாள். அப்பாவின் தோளை அழுத்திப் பாறையில் உட்கார வைத்தாள். "குந்து நைனா. நின்னா நீ மணவாளன் ஆயிட்ற." எதிரே போய் நின்றாள். மைக் நீண்ட கம்பின் முனையில் அவர் தலைக்கு மேல் வந்து நின்றது. வெற்றி கையைக் காட்டினான்.

"இனிமே நான் கடலுக்குப் போவ மாட்டேன்" என்றாள், மகனின் வசனத்தை.

அவர் முகவாய் உயர ஆரம்பித்தது. அது உயர்வதைப் பார்த்ததும் அவளுக்கு வசனம் மறந்துவிட்டது. "மார்க்கெட்டுக்கும் போவ மாட்டேன்" என்றாள். "நாளைலேர்ந்து கூடைய தூக்கல. ரெண்டு நாளா ஒரு மீனு நவுரல. போதும் நைனா. முடியல." ஆரம்பிக்கும்போது அவரைச் சீண்டுவதற்காகத்தான் சொன்னாள். 'முடியல' என்று வந்தபோது அவள் குரல் உடைந்தது. அது பொய்யில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

மண்ணாங்கட்டி கேமராவை மறந்து அவளைப் பார்த்தார். முகவாய் இறங்கியது. கழுத்து முன்னால் வந்தது.

"இன்னாடி சொன்ன?"

எழில்மொழி பதறிப்போய் வெற்றியைத் திரும்பிப் பார்த்தாள். மகனைத் திட்ட வேண்டியவர் மகளைத் திட்டப் போகிறார். வெற்றி உதட்டின்மேல் விரலை வைத்தான்.

"ரெண்டு நாளு மீனு நவுரலன்னா கோச்சிகினு குந்திக்குவியா? கடலு இன்னா உன் மாமியா வூடா, பொட்டிய தூக்கிகினு வந்துட்றதுக்கு? நான் எத்தினி வாட்டி வெறுங்கையா வந்தேன், உங்கம்மா என்ன வூட்டுக்குள்ள சேக்கலியா? கண்ண தொடச்சிக்க. மூஞ்சிய பாரு, நாலு நாளு ஐஸ்ல கெடந்த பாற மீனு மாரி…" மூச்சு இழுத்தது. நிறுத்தி, இருமி, காறித் துப்பி, மறுபடியும் ஆரம்பித்தார். எந்த வசனத்திலும் இல்லாத பேச்சு வந்துகொண்டே இருந்தது. யாரும் 'கட்' சொல்லவில்லை. கன்னியம்மா தன் சத்தம் பதிவில் விழுந்துவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மைக் பிடித்திருந்தவருக்கும் அடக்கிய சிரிப்பில் தோள் குலுங்கியது. கம்பு ஒரு தடவை ஆடி நின்று, இன்னும் கொஞ்சம் கீழே, அந்த வாயை நோக்கி இறங்கியது.