சாப்பிட்டீங்களாண்ணே?

ரப்பர்த் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் தங்கராஜு மண்டோருக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே பெருமை அந்தக் கதைதான். பத்து வருஷமாக அதை வைத்துக்கொண்டுதான் தம்பின் வட்டாரத்துத் தோட்டங்களில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் அவருக்கு இடம் உண்டு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் யாராவது, "அந்தக் கதைய ஒருவாட்டி சொல்லுங்க மண்டோரே" என்றால் போதும், மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

கதை இதுதான். நடிகை நவரஞ்சனி கலைநிகழ்ச்சிக்குச் சிரம்பான் வந்தபோது, மேடைக்குப் பின்னால் நின்ற தங்கராஜுவைப் பார்த்து, "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டாளாம். இந்த இடத்தில் தொண்டையை இறுக்கி, படத்தில் வருகிற அதே குயில் குரலில் கேட்டுக் காட்டுவார். முறுக்கு மீசைக்கடியிலிருந்து அந்தக் குரல் வருவதைப் பார்க்கச் சகிக்காது.

அன்றைக்குத்தான் அவர் மனைவி பஞ்சாலைக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவம். ஒன்பது மணி நேரம் தனியாகக் கிடந்து துடித்தாள். சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்க ஒரு நாதி இல்லை. மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்த புருஷன், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கதையைச் சொன்னார். பிள்ளைக்கும் நவரஞ்சனி என்றே பேர் வைத்தார். அவ்வளவு பெரிய நடிகை நின்று பேசும்போது மனுஷன் எப்படி விட்டுவிட்டு வருவார் என்று பஞ்சாலை தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அந்தச் சமாதானத்தில்தான் பத்து வருஷமாகச் சோறு பொங்கிப் போட்டாள்.

அப்புறம் வந்தது விண்வெளிச் சாகசக் கார்ட்டூன் தொடர். மெட்ராஸில் யாரோ எடுத்தது. ராக்கெட் ஓட்டும் தலைவியாக நவரஞ்சனியையே வரைந்துவிட்டிருந்தார்கள். தம்பினில் கேசட் கடை வைத்திருக்கும் ஜபருல்லாவிடம் முதல் கேசட் வந்ததும் தங்கராஜுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்து மண்டபத்தில் போட ஏற்பாடு செய்தார். டிவி பெட்டிக்கு மாலை போட்டுச் சூடமும் காட்டினார். நல்லவேளை, பெட்டி பற்றிக்கொள்ளவில்லை. கதையை இன்னொரு தடவை, குரலோடு சொல்லி முடித்த பிறகுதான் கேசட்டைப் போடவிட்டார்.

படம் ஓடியது. கண்ணும் மூக்கும் அச்சு அசல் நவரஞ்சனிதான். விண்வெளித் தொப்பிக்குள்ளே மூக்குத்திகூட மின்னியது. செவ்வாய்க் கிரகத்து அரக்கனைப் பார்த்து அவள் வாயைத் திறந்தாள். கரகரவென்று ஆம்பளைத் தொண்டையில், தெலுங்கு வாடையோடு ஒரு குரல் வந்தது.

"நிறுத்துங்க லா!" என்று தங்கராஜு எழுந்து குதித்தார். "இது அவங்க குரலே இல்ல! எவளோ கிழவியப் பேச வச்சு ஏமாத்துறானுங்க. ஆயிரம் பேர்ல அவங்க குரல நான் கண்டுபிடிப்பேன், எனக்கா தெரியாது?"

கேசட்டுக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாதே என்று ஜபருல்லா அட்டையைத் தூக்கிப் படித்தார்.

"'முதன்முறையாக நவரஞ்சனி தன் சொந்தக் குரலில்'னு போட்டிருக்கு மண்டோரண்ணே. படத்துல எல்லாம் வேற ஒரு அம்மா பேசுனதாம். அவங்க நெஜக் குரலே இதுதான்." அதோடு விட்டிருக்கலாம். "நீங்கதான் நேர்ல பேசியிருக்கீங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றும் கேட்டுவைத்தார்.

பக்கத்து வீட்டு மயிலம்மாள் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், மண்டபமே சிரித்தது. தங்கராஜுவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அன்னிக்கு அவங்களுக்குத் தொண்ட நல்லா இருந்துச்சு" என்று முனகினார். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

பஞ்சாலை மட்டும் சிரிக்கவில்லை. நடிகைக்காகத் தன்னை விட்டுப் போனார் என்றாவது இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ வேலியோரம் கூட்டத்தோடு கூட்டமாக எட்டிப் பார்த்துவிட்டு வந்த ஆளுக்காகவா அந்த ஒன்பது மணி நேரத்தை விழுங்கினோம்? புருஷனை நினைக்கவே அருவருப்பாக இருந்தது. அதை நம்பிய தன்னை நினைத்தால் அதைவிட அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் தங்கராஜு யார் கண்ணிலும் படாமல் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தார். தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பசிக்குது லா, சோத்தப் போடு."

பஞ்சாலை பானையைத் தொடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தொண்டையைக் கரகரவென்று ஆக்கி, மத்தியானம் கேட்ட அதே குரலில் கேட்டாள்:

"சாப்பிட்டீங்களாண்ணே?"