நல்ல வண்டி, மாமா

கிரீஸ் என்றுதான் மாமனார் அவனைக் கூப்பிடுவார். மாப்பிள்ளை என்ற சொல் அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்து, நாலு பேர் மதிக்கிற மெக்கானிக்காக இருந்து என்ன பிரயோசனம்? பெண் கொடுத்த வீட்டில் அவன் கிரீஸ்தான். "கிரீஸ் வந்தாச்சா? சோபாவுல ஒரு துணியை விரிங்க" என்பார், சிரிக்காமல்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த மனுஷனுக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. அவன் எதைச் சொன்னாலும் ஏறுக்கு மாறாகத்தான் செய்வார். 'இந்த ஃப்ரிட்ஜ் வேண்டாம் மாமா, கம்ப்ரஸர் சரியில்ல' என்றான். அன்றைக்கே வாங்கிவந்து கூடத்தில் நிறுத்தினார். ஒரு கோடைகூடத் தாங்கவில்லை அது. 'இந்தத் தண்ணி மோட்டார் நல்லது மாமா' என்று வேறொரு சமயம் சொன்னான். "கடைக்காரன் உனக்கு எவ்வளவு கமிஷன் வெட்டறான்?" என்று கேட்டுவிட்டு வேறொன்றை வாங்கினார். கடைசிவரை அது தண்ணீர் ஏற்றவேயில்லை.

மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்காரமுடியாமல், பழைய ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டப்போவதாகக் கிளம்பினார். பெட்ரோல் பாதி, பேட்டரி பாதி, லாபம் முழுசு என்று எவனோ காதில் ஓதிவிட்டான். பணத்துக்கு எங்கே போவது? மாமியாரின் முழங்கால் ஆபரேஷனுக்கென்று எடுத்துவைத்ததுதான் இருந்தது. அந்த அம்மா பாத்ரூம் போவதே சுவரைப் பிடித்துக்கொண்டுதான். "ஒரு வருஷம் ஓட்டினா ரெண்டு காலுக்கும் சேர்த்துச் சம்பாதிச்சுடுவேன்" என்றார் மாமனார். வலி அவருடையதில்லையே, ஏன் சொல்லமாட்டார்!

அந்த வீட்டில் அவனை மனுஷனாக மதித்தது மாமியார் ஒருத்தர்தான். வண்டி பார்க்கக் கிளம்பிய காலையில் அவனைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, நான் சொன்னா அவர் கேக்கமாட்டார். வண்டி நல்லா இல்லன்னா நீங்கதான் எப்படியாவது தடுக்கணும்."

"நான் பாத்துக்கறேன் அத்தை" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

புரோக்கரின் ஷெட்டில் கார் பளபளவென்று நின்றது. மாமனார் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். சத்தமே இல்லை. காலமெல்லாம் டீசல் இன்ஜினைக் காதால் எடைபோட்ட மனுஷன், அந்த அமைதியிலேயே சொக்கிப்போனார்.

"ஆகா! இன்ஜின் என்ன பதமா ஓடுது பார்த்தியா, கிரீஸ்?"

இன்ஜின் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை, பேட்டரி மட்டும்தான் விழித்திருந்தது. புரோக்கர் அதைச் சொல்வானா? வாயெல்லாம் பல்லாக நின்றான்.

மெக்கானிக் குனிந்து பார்த்தான். பின்சீட்டுக்குப் பக்கத்தில், பேட்டரிக்குக் காற்று போகிற வழியில் தூசியும் நாய்முடியும் அடைத்துக் கிடந்தன. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். திரையில் நிறைந்திருந்த சார்ஜ், தெருமுனை திரும்புவதற்குள் அடிமட்டத்துக்கு இறங்கியது. சிக்னலில் நின்றதும் மறுபடி விறுவிறுவென்று ஏறியது. நல்ல பேட்டரி இந்த ஆட்டம் ஆடாது. திரும்பி வந்ததும் ஸ்கேனரை மாட்டினான். பேட்டரிக்குள் இரண்டு வரிசை செல்கள் செத்தேபோயிருந்தன, மற்றவை சாகிற தறுவாயில் இருந்தன. எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க, கோளாறுப் பதிவை அன்று காலைதான் யாரோ அழித்துவிட்டிருக்கிறார்கள். புதுப் பேட்டரி போடுகிற செலவுக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம். இது வண்டியா? பிணம்.

'வேண்டாம்' என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, நிறுத்திக்கொண்டான். வேண்டாம் என்றால் அந்த நிமிஷமே பணத்தை எடுத்து நீட்டிவிடுவார். அத்தையின் காலைக் காப்பாற்ற ஒரே வழிதான் உண்டு.

"மாமா, அருமையான வண்டி" என்றான் உரக்க. "பேட்டரி புதுசு மாதிரி இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். விட்டா இன்னொண்ணு இப்படி அமையாது."

புரோக்கரே ஆடிப்போய்விட்டான். மெக்கானிக் முகத்தில் கொஞ்சம் திருட்டுக்களையையும் வரவழைத்துக்கொண்டு, கமிஷன் எவ்வளவு என்ற கேள்விக்காகக் காத்து நின்றான்.

மாமனார் அவனையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நேத்து என் பொண்ணு வந்து என்னைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டா. 'என் புருஷன் பேச்சை ஒரு தடவையாவது நம்புங்கப்பா, இல்லன்னா இந்தப் படி ஏறமாட்டேன்'னு சொல்லிட்டா. யோசிச்சுப் பார்த்தேன். தப்பு எம்மேலதான். இன்னிக்கு நீங்க என்ன சொன்னாலும் கேக்கறதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். வேண்டாம்னு சொல்லியிருந்தா பேசாம வந்த வழியே திரும்பியிருப்பேன், மாப்பிள்ளை."

அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், வெட்கங்கெட்ட சந்தோஷம். அப்புறம்தான் செத்த பேட்டரி ஞாபகத்துக்கு வந்தது.

"மாமா, ஒரு விஷயம்..."

"ஒண்ணும் பேசாதீங்க" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, புரோக்கரிடம் பணத்தை நீட்டினார். "எம் மாப்பிள்ளை பெரிய மெக்கானிக்கு. அவர் சொன்னா சொன்னதுதான்."

பொய் சொன்னேன் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் சொன்னாய் என்று கேட்பாரே! நீங்கள் கோணல் மனுஷன் என்பதால் சொன்னேன் என்று, இப்படிக் கண்கலங்கி நிற்பவரின் முகத்துக்கு நேராகச் சொல்வதா? ஸ்கேனரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினான்.

வீட்டு வாசலில் அவன் மனைவி காத்திருந்தாள். "பார்த்தியா, உன் புருஷன் பார்த்துக் குடுத்த வண்டி" என்றார் அப்பா. அவள் பெருமை தாங்காமல் புருஷனின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். மாமனார் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வண்டியைக் காட்டப் போனார், அவளும் பின்னாலேயே ஓடினாள்.

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவனிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மாப்பிள்ளை, அவர் கிடக்கட்டும். நீங்க சொல்லுங்க. நெசமாவே நல்ல வண்டிதானா? புடிக்கலன்னா சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுக்கலாம்னு புரோக்கர் சொன்னானாமே. ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணியாவது திருப்பிடறேன்."

தெருவில் மாமனாரின் குரல் கணீரென்று கேட்டது: "எம் மாப்பிள்ளை மாதிரி வேலைக்காரனை நீங்க பார்க்கவே முடியாது!"

"நல்ல வண்டி, அத்தை" என்றான் அவன்.

"அப்பாடா. நீங்க சொன்னா எனக்குப் போதும்." அந்த அம்மா குனிந்து முழங்காலை நீவிவிட்டுக்கொண்டார். "இன்னும் ஒரு வருஷம்தானே? பல்லைக் கடிச்சுக்கறேன்."

"மாப்பிள்ளை, வாங்க! நீங்க முன்னால உக்காருங்க" என்று மாமனார் தெருவிலிருந்து கூப்பிட்டார். அவன் போய் முன்சீட்டில் உட்கார்ந்தான்.