சபையில் எங்கள் ஆள்

டென்மார்க்கின் யூட்லாந்தில், கொம்யூன் எனப்படும் மூன்று நகரசபைகள் இணைந்து தங்கள் பொது நிலத்திட்டத்தைப் புதுப்பித்தன. அதில் ஒரு புதிய சாலை, விமலராணியும் பிற தமிழ்க் குடும்பங்களும் பயிரிட்டுவந்த தோட்டங்களின் ஊடாக வரையப்பட்டிருந்தது. ஆட்சேபம் எழுத அமர்ந்த விமலராணியை அயலவரான கந்தையா தடுத்தார்.

"சபையில எங்கட சிந்துஜன் இருக்கிறான் எல்லே? எழுதினா அவனை நம்பேல்லை எண்டு ஆயிடும், பிள்ளை."

ஒருவரும் எழுதவில்லை. இறுதிக் கூட்டத்தில் சாலைக்கு ஆதரவாக முதலில் உயர்ந்தது சிந்துஜனின் கை.

வாசலில் விமலராணி அவனை மறித்தார். "தம்பி, எங்கட தோட்டம்?"

"பக்கத்துக் கொம்யூன் புதுப் பள்ளிக்கூடத்தை எங்களுக்கு விட்டுத்தந்தது, அன்ரி. பதிலுக்கு அவை கேட்ட றோட்டுக்கு நாங்கள் தோட்டத்தை விட்டுக்குடுத்தம். நீங்கள் ஒருத்தரும் எதிர்த்து எழுதேல்லையே?"

மீன்களைத் தின்பதற்கு, கதையில் வரும் கொக்குகூட வேறு குளத்தில் விடுகிறேன் என்று பொய் சொல்லவேண்டியிருந்தது. சிந்துஜனுக்கு அந்தச் சிரமமும் இருக்கவில்லை.